ஏழாம் அடிக்குறிப்பு

வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஓர் எண் வேண்டும்.
ஒரு பிள்ளைக்கு எத்தனை பவுண்ட்,
அதற்கு ஈடாக எத்தனை ஆரோக்கிய ஆண்டு.
கவுன்சில் கேட்பது அவ்வளவுதான்.
மீதியைப் பின்னிணைப்பில் போட்டுக்கொள்ளலாம்.

ரோண்டா பள்ளத்தாக்கில் மழை நின்று
இரண்டு மணி நேரம் ஆகிறது. அதுவே அதிகம்.
என் மேசையில் பன்னிரண்டு பள்ளிகள்,
அறுநூற்று நாற்பது மணிக்கட்டுகள்,
ஒவ்வொன்றிலும் கட்டிய கறுப்புப் பட்டை
நொடிக்கு முப்பது முறை எழுதிவைத்த அசைவு.

முதலில் கழிக்க வேண்டியவை:
சலவை இயந்திரத்துக்குள் போன மூன்று பட்டைகள்.
அந்த ஞாயிறுகளில்
அந்த மூவரை வெல்ல உலகில் ஆள் இல்லை.
நாயின் கழுத்தில் ஒன்று.
மாக்சென், ஒன்பது வயது,
பரிசுக் கூப்பனுக்காகச் செய்த முதலீடு.
நாய் இரவு இரண்டு மணிக்கும் எதையோ துரத்துகிறது.
செலவுக்கேற்ற பலன் என்றால் என்ன என்று
அவனுக்குப் புரிந்த அளவு
எங்கள் துறையில் பலருக்குப் புரியவில்லை.

பிறகு கூட்ட வேண்டியவை:
பயிற்சியாளர் யெஸ்டினுக்கு வாரம் இருமுறைச் சம்பளம்,
அவர் காருக்குப் பெட்ரோல், ஆரஞ்சுக் கூம்புகள்,
மழை நாளில் உணவுக்கூட மேசைகளை மடிக்க
ஓர் ஆளின் அரைமணிக் கூலி.
ஆசிரியைகள் ஆறவிட்ட தேநீரை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
கையேட்டில் இல்லை. சுழி போட்டேன்.

நூற்றெட்டு பவுண்ட்.
ஆதாயம், நாளுக்கு நான்கு நிமிடம்.
அந்த நான்கை நாற்பது ஆண்டு நீட்டி,
வராமல் போகும் நீரிழிவாக மாற்றி,
ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு தள்ளுபடி செய்ய வேண்டும்:
நாளைய ஓட்டம் இன்றைய ஓட்டத்தைவிட மலிவாம்.
இதை ஒன்பது வயதுக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள்,
வேறு காரணத்துக்காக.

பதினொன்றாம் பள்ளியில்தான் கணக்கு நின்றது.
அது ஒப்பீட்டுக்கான பள்ளி.
அங்கே யாரும் எதுவும் செய்யக்கூடாது, அதுதான் அதன் வேலை.
கூம்பு இல்லை, கூப்பன் இல்லை, யெஸ்டின் இல்லை.
மார்ச் மூன்றாம் வாரம் கோடு மேலே போகிறது.
பதினேழு நிமிடம். பத்தொன்பது.
"விளையாட்டில் சேர்வதில்லை" என்று
ஆசிரியை குறித்திருந்த 0417கூட
மதியம் பன்னிரண்டே முக்காலுக்குள்
எட்டு முறை எதிலோ ஏறி, எட்டு முறை இறங்குகிறாள்.

தொலைபேசியில் பள்ளிப் பராமரிப்பாளர் கிவைதர்:
"காத்துல பின்வேலி சாஞ்சு போச்சு, அம்மா.
அந்தப் பக்கம் கரிமேடு. இப்ப முழுக்கப் புல்லு.
அட்டைப்பெட்டி எடுத்துக்கிட்டு ஏறுதுங்க, சறுக்குதுங்க,
திரும்ப ஏறுதுங்க. யாரும் சொல்லிக் குடுக்கல."
கொஞ்சம் பொறுத்து,
"நான் பாக்கலைன்னே எழுதிக்குங்க."

ஏப்ரல் எட்டாம் தேதி வேலி எழுந்துவிட்டது.
இரண்டாயிரத்து முந்நூறு பவுண்ட், உழைப்பு உட்பட.
நான் சிரிக்கவில்லை.
இந்தப் பள்ளத்தாக்குகளில்
பள்ளிக்குப் பின்னால் ஒரு கரிமேடு இருந்தால்
வேலி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.
என் அப்பா கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.
சரியாத மேட்டுக்கு
எந்த அட்டவணையிலும் விலை இல்லை.
விழுந்த வேலிக்கோ செலவு சுழி;
சுழியை எதனால் வகுத்தாலும் சுழிதான்,
அதைக் கவுன்சிலில் வாசிக்க முடியாது.

ஆகவே பதினொன்றை நீக்கினேன்.
திட்டம் தேறிவிட்டது, மயிரிழையில்.
யெஸ்டினுக்கு இன்னும் ஓராண்டு வேலை.
ஏழாம் அடிக்குறிப்பு:
பள்ளி 11. வேலி. தரவு சேர்க்கப்படவில்லை.

கோப்பை மூடும் முன் 0417ஐ மறுபடி திறந்தேன்.
ஏப்ரல் ஒன்பது, மதியம்.
செயலி தரும் தீர்ப்பு: அசைவு இல்லை.
ஆனால் கச்சாத் தரவில்
சின்னச் சின்னதாய், ஒரே சீராய் ஓர் அதிர்வு,
இருபது நிமிடம்.
நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை.
கம்பிவேலி நெடுகக் குச்சியை இழுத்துக்கொண்டே போனால்
மணிக்கட்டில் இப்படித்தான் விழும் என்று நினைக்கிறேன்.